திரை காட்டும் உருவம்

நுழையும்முன்

கைக்குள் அடங்கும் ஒரு கருவி உலகத்தையே வீட்டுக்குள் கொண்டுவருகிறது. அதே கருவி, தன் உடலைத் தானே வெறுக்கும் மனநிலையையும் சிலருக்குக் கொண்டுவந்துவிடுகிறது. திறன்பேசியின் அளவுமீறிய பயன்பாடும், உடல் எடையைச் சுட்டிப் பிறரை இகழும் வழக்கமும் இளையோரின் நலத்தை எவ்வாறு தாக்குகின்றன, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு யாது, அவற்றிலிருந்து மீளும் வழி எது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலைமேல் ஒரு காட்சி

திருமலைக் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதி இல்லை. வழிபாட்டு வரிசையில் நுழையும்முன் ஒவ்வொருவரும் தம் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுச் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொள்கின்றனர். பிறகு பல மணி நேரம் வரிசையில் காத்திருக்கின்றனர். முதற் சில நிமிடங்கள் கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தடவும். சற்று நேரத்தில் அருகில் இருப்பவரோடு பேச்சுத் தொடங்கும். குழந்தைகள் விளையாடத் தொடங்குவர். பாட்டி பழங்கதை ஒன்றைச் சொல்வார். வெளியே வந்து கைப்பேசியைத் திரும்பப் பெற்ற அடுத்த நொடியில் எல்லார் தலையும் மீண்டும் குனிந்துவிடும்.

இக்காட்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. கைப்பேசி இல்லாமல் மனிதரால் மகிழ்ச்சியாக இருக்க முடியும் என்பது ஒன்று. அதைத் தாமே விரும்பிச் சிறிது நேரம் விலக்கிவைப்பது எளிதன்று என்பது மற்றொன்று.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் 2022 ஏப்ரலில் உருவானது. தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பள்ளிகளும் நிறைந்துள்ளன. திருவேங்கடவன் பெயரால் அமைந்த பல்கலைக்கழகம் 1954இலும், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983இலும் திருப்பதியில் தொடங்கப்பட்டன. இத்தனை இளையோர் கூடி வாழும் இடத்தில் அவர்களின் மனநலம் பற்றிய அறிவு இன்றியமையாததாகும்.

ஒரு நிழற்படம்

ஒரு நிகழ்வைக் கற்பனை செய்து பார்க்கலாம். சித்தூர்ப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சந்திரகிரிக் கோட்டைக்குக் கல்விச் சுற்றுலா செல்கின்றனர். அரண்மனைக்கு முன் நின்று குழுவாக நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர். அன்றிரவு அப்படம் வகுப்புக் குழுவில் பகிரப்படுகிறது. ஓரத்தில் நிற்கும் மாணவி ஒருத்தியின் உருவத்தை வட்டமிட்டு, அருகில் யானைப் படம் ஒன்றை ஒருவன் இடுகிறான். சிரிக்கும் முகங்கள் இருபது அதன்கீழ் வரிசையாக வந்து சேர்கின்றன. எவரும் அதைக் கொடுமை என்று எண்ணவில்லை. எல்லாரும் விளையாட்டு என்றே எண்ணினர்.

அம்மாணவி கோ-கோ ஆட்டத்தில் சிறந்தவள். மறுநாள் விளையாட்டு வகுப்பில் வயிற்றுவலி என்று கூறி அமர்ந்துவிட்டாள். அடுத்த வாரம் நண்பகல் உணவைத் தோழியருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி இருந்தாள். இரவில் போர்வைக்குள் திறன்பேசியைத் திறந்து, பத்து நாளில் எடை குறைப்பதாகக் கூறும் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். உறக்கம் வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. இங்கு அவளைத் துன்புறுத்தியது அவள் உடலா, அந்தப் படமா, அந்தச் சிரிப்பா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் இரண்டு சிக்கல்களைத் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும்.

பயன்பாடு எப்போது சிக்கலாகிறது?

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. அந்நாளில் அது பேசுவதற்கான கருவி மட்டுமே. 2016க்குப் பிறகு இணையக் கட்டணம் பெரிதும் குறைந்ததால் திறன்பேசி சிற்றூர்களையும் சென்றடைந்தது. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரை உள்ளோரிடம் 2023இல் நடத்தப்பட்ட 'அசர்' கணக்கெடுப்பில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் திறன்பேசி இருப்பதாகவும் அதைப் பயன்படுத்தத் தெரியும் என்றும் கூறினர். பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் தமக்கெனத் தனிக் கருவி வைத்திருந்த ஆண்பிள்ளைகள் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 19.8 விழுக்காடு.

திறன்பேசியைப் பயன்படுத்துவது தவறன்று. பாடம் கற்கவும், பேருந்து நேரம் அறியவும், வெளியூரில் வாழும் அண்ணனோடு பேசவும் அது உதவுகிறது. எத்தனை மணி நேரம் என்பதைக் காட்டிலும் எவ்வாறு என்பதே முதன்மையானது. பழக்க அடிமைத்தனத்தை ஆராய்ந்த உளவியல் அறிஞர் மார்க் கிரிஃபித்ஸ் 2005இல் ஆறு கூறுகளை வகுத்துக் காட்டினார். அவற்றைத் திறன்பேசிக்குப் பொருத்திப் பின்வருமாறு கூறலாம்.

1. வேறு வேலை செய்யும்போதும் நினைவு கைப்பேசியையே சுற்றிவருதல்.
2. துயரமோ சலிப்போ வந்தவுடன் அதிலிருந்து தப்பக் கைப்பேசியை நாடுதல்.
3. முன்பு போதுமாக இருந்த நேரம் இப்போது போதாமற்போதல்.
4. கைப்பேசி கிடைக்காதபோது எரிச்சலும் பதற்றமும் கொள்ளுதல்.
5. அதன் பொருட்டுப் பெற்றோருடனோ படிப்புடனோ முரண்பாடு தோன்றுதல்.
6. குறைக்க முயன்று, மீண்டும் பழைய நிலைக்கே திரும்புதல்.

இவற்றுள் பல ஒருசேரக் காணப்பட்டு, படிப்பும் உறக்கமும் உறவும் குலையுமானால் அதனைச் சிக்கலான பயன்பாடு என்பர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'திறன்பேசி அடிமைத்தனம்' என்னும் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும் 2022 முதல் நடைமுறையில் உள்ள அதன் பதினொன்றாம் பதிப்பில், மின்விளையாட்டுகளில் கட்டுப்பாடின்றி மூழ்குதல் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

இக்கட்டுப்பாட்டை இழப்பதற்கு மாணவரின் மனவலிமைக் குறைவை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. முடிவே இல்லாமல் கீழிறங்கிக்கொண்டே செல்லும் பக்கங்கள், அடுத்த காணொளி தானே ஓடத் தொடங்குதல், எப்போது வரும் என்று அறிய முடியாத விருப்பக்குறிகள் ஆகியவை கண்ணைத் திரையிலிருந்து அகலாமல் காக்கும்படி அமைக்கப்பட்டவை. பார்ப்பவரின் நேரமே அந்நிறுவனங்களின் வருவாய்க்கு வழியாகும்.

எடை இகழ்ச்சி

ஒருவரின் உடல் எடையைக் காரணமாகக் காட்டி அவரைத் தாழ்வாகக் கருதுதலும் நடத்துதலும் எடை இகழ்ச்சி எனப்படும். 'குண்டு', 'ஒல்லி' என்று தமிழிலும், 'லாவு', 'பக்க' என்று தெலுங்கிலும் வழங்கும் சொற்கள் பலருக்குப் பட்டப்பெயராகவே நிலைத்துவிடுகின்றன. திருமண வீட்டில் சந்திக்கும் உறவினர், நலம் வினவுவதற்கு முன்பே "ஏன் இப்படிப் பருத்துவிட்டாய்?" என்றோ, "வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்றோ கேட்பது வழக்கமாக உள்ளது. அவர்கள் அன்பினாலேயே கேட்கின்றனர். ஆயினும் பத்துப் பேர் நடுவில் கேட்கப்படும் அவ்வினா, அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் நீங்காமல் தங்கிவிடுகிறது.

இகழ்ச்சி இரு நிலைகளில் செயற்படுகிறது. பிறர் இகழ்வது முதல் நிலை. அச்சொற்களை உண்மையென நம்பித் தன்னைத் தானே இகழ்ந்துகொள்வது இரண்டாம் நிலை. இதனைத் தன்னிகழ்ச்சி எனலாம். இதனை அளந்தறிய 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 12 வினாக்கள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினர். தன் மதிப்பைக் குறைத்துக்கொள்ளுதல், பிறர் இகழ்வர் என அஞ்சுதல் என்னும் இரு கூறுகளை அது அளக்கிறது.

'கேலி செய்தால்தான் திருந்துவர்' என்று சிலர் வாதிடுகின்றனர். ஆய்வுகள் இதனை ஏற்கவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 4,746 பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, எடை குறித்த கேலிக்கு ஆளானோரிடம் தன்மதிப்புக் குறைவும் மனச்சோர்வும் மிகுதியாக இருப்பதைக் கண்டது. உண்மையான எடை எதுவாயினும் இத்தொடர்பு காணப்பட்டது. கேலிக்கு ஆளானோர் விளையாட்டுத் திடலையும் மருத்துவரையும் தவிர்க்கின்றனர். பட்டினி கிடந்து பின் அளவின்றி உண்கின்றனர். இவற்றைக் கருத்திற்கொண்டு 2020இல் பல நாட்டு வல்லுநர்கள் ஒன்றுகூடி, உடற்பருமன் குறித்த இகழ்ச்சியை ஒழிக்க வேண்டும் என்று கூட்டறிக்கை வெளியிட்டனர். கேலி எடையைக் குறைப்பதில்லை. அது மனிதரைத்தான் குறைக்கிறது.

திரை வந்தபின் நேர்ந்த மாற்றம்

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இங்கு நினைக்கத்தக்கது. அங்கு நிறைந்த உடலே நலத்துக்கும் வளத்துக்கும் அடையாளமாக நெடுங்காலம் மதிக்கப்பட்டது. 1995இல் அத்தீவின் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆய்வாளர் ஆன் பெக்கர் அவ்வாண்டிலும் 1998இலும் அப்பகுதிப் பள்ளி மாணவியரிடம் ஆய்வு செய்தார். எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தி எடுக்கும் பழக்கம் 1995இல் ஒருவரிடமும் இல்லை. மூன்றாண்டுகளில் அது 11.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. மெலிந்த நடிகையரைத் திரையில் கண்டு, தாமும் அவ்வாறாக வேண்டும் என்று மாணவியர் பலர் எண்ணத் தொடங்கியிருந்தனர்.

அன்றைய திரை வீட்டின் ஓர் அறையில் இருந்தது. இன்றைய திரை கையிலேயே இருக்கிறது. அன்று தெரிந்தவர்கள் நடிகையர். இன்று தெரிபவர்கள் உடன் படிக்கும் தோழியரும்கூட. அவர்கள் பதிவிடும் படங்கள் நிறம் கூட்டப்பட்டு, இடை குறுக்கப்பட்டு, நூறு படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவையாக இருக்கலாம். இளைஞர்களுக்கோ புடைத்த தசைகளே ஆண்மையின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன. இன்ஸ்டாகிராம் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆய்வுகள் 2021இல் செய்தித்தாள் வாயிலாக வெளியாயின. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்தும் பதின்பருவப் பெண்களுள் 32 விழுக்காட்டினர், அத்தளம் அவ்வருத்தத்தை மிகுவித்ததாக அதில் கூறியிருந்தனர்.

இரண்டும் இணையும் சுழல்

இகழப்பட்ட பிள்ளை மனிதரை விட்டு விலகித் தனிமையை நாடுகிறது. தனிமையில் ஆறுதல் தரும் பொருளாகத் திறன்பேசி அமைகிறது. நள்ளிரவு வரை அதைப் பார்ப்பதால் உறக்கம் குறைகிறது. திரையின் ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் மிகுந்து, நிறைவை உணர்த்தும் லெப்டின் குறைகிறது. எனவே மறுநாள் பசி மிகுகிறது, உடல் சோர்கிறது, விளையாட்டு குறைகிறது. இடையே திரையில் கண்ட உருவங்களோடு ஒப்பிடுதலும் தொடர்கிறது. தன்னிகழ்ச்சி வளர்கிறது. அதிலிருந்து தப்ப மீண்டும் திறன்பேசியே கைக்கு வருகிறது.

கிணற்றில் கவலை இறைக்கும் மாடுகள் முன்னும் பின்னுமாக ஒரே தடத்தில் நடப்பதுபோல, மனமும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கிறது. ஆயினும் ஒன்றை இங்குத் தெளிவாக அறிய வேண்டும். இரண்டு நிலைகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டுமே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. இகழ்ச்சி ஒருவரைத் திரையை நோக்கித் தள்ளலாம். திரை ஒருவரைத் தன்னிகழ்ச்சியை நோக்கித் தள்ளலாம். வீட்டுத் துயரமோ தேர்வு அச்சமோ இரண்டையும் ஒருங்கே வளர்க்கலாம். ஆதலால் ஒவ்வொருவர் நிலையையும் தனித்துக் கேட்டறிதல் வேண்டும்.

எடை பற்றிய உண்மைகள்

எடை முழுவதும் ஒருவரின் விருப்பத்தால் அமைவதன்று. மரபணு, உணவு, உறக்கம், சுரப்பிகளின் செயற்பாடு, சில மருந்துகள், விளையாட இடமின்மை, வீட்டின் பொருள்நிலை ஆகிய பலவும் சேர்ந்து அதனை அமைக்கின்றன. பதின்பருவத்தில் உடல் விரைந்து மாறுவது இயல்பு.

உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படும் உடல்நிறைக் குறியெண், பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெட்லே என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையாகும். மக்கள் தொகுதியின் பொது அளவை அறியவே அவர் அதனை வகுத்தார். ஒரு மனிதரின் மதிப்பை அளப்பது அதன் நோக்கமன்று. வளரும் பிள்ளைகளுக்கு வயதும் பாலும் சேர்த்தே அதனைக் கணிக்க வேண்டும்.

இவற்றால் எடை மிகுதி நலத்தைப் பாதிப்பதில்லை என்று கொள்ளலாகாது. உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளோருள் 39 கோடிப் பேர் மிகை எடையுடன் இருந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்குக் கணித்துள்ளது. நீரிழிவும் இதய நோயும் இதனால் மிகக்கூடும். அதனை மருத்துவருடன் பேசித் தீர்க்க வேண்டும். வகுப்பறையில் நகைத்துத் தீர்க்க முடியாது.

மீளும் வழிகள்

உறங்கும் அறைக்கு வெளியே திறன்பேசியை வைத்துவிட்டு, எழுப்புவதற்கு ஒரு கடிகாரத்தைப் பயன்படுத்துதல் எளிய தொடக்கமாகும். 13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. தேவையற்ற அறிவிப்பொலிகளை நிறுத்தலாம். பார்த்தபின் மனத்தைச் சோர்வாக்கும் பக்கங்களைப் பின்தொடர்வதை விட்டுவிடலாம். உணவு வேளையில் பெற்றோரும் தம் கைப்பேசியை ஒதுக்கிவைத்தல் வேண்டும். பெரியோர் கடைப்பிடிக்காத விதியைப் பிள்ளைகள் மதிப்பதில்லை.

நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் இளையோருக்குத் தேவை என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இது தண்டனையாகவன்றி மகிழ்ச்சியாக அமைய வேண்டும். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் 3,550 படிகளில் பருத்தோரும் மெலிந்தோரும் முதியோரும் சிறுவரும் ஏறுகின்றனர். களைத்தவர் அமர்கின்றனர், மற்றவர் தண்ணீர் தருகின்றனர். எவர் எவ்வளவு எடை என்று அங்கு ஒருவரும் கேட்பதில்லை. விளையாட்டுத் திடலும் அவ்வாறு அமைதல் வேண்டும்.

வீட்டாலும் நண்பராலும் தீராத துன்பத்துக்கு வல்லுநர் உதவி உண்டு. பெங்களூரில் உள்ள 'நிம்ஹான்ஸ்' தேசிய மனநல நிறுவனம், தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்த வழிகாட்டும் 'ஷட்' என்னும் சிறப்பு மருத்துவப் பிரிவை 2014 முதல் நடத்திவருகிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். துன்பத்தில் உள்ள சிறுவர்க்கு 1098 என்னும் எண் உள்ளது. உதவி கேட்பது இழிவன்று.

இகழாமை என்னும் பண்பு

இகழ்ச்சி ஒருவரால் தொடங்கப்படுகிறது, பலரால் வளர்க்கப்படுகிறது. அந்த வகுப்புக் குழுவில் படத்தை இட்டவன் ஒருவன், சிரித்தவர் இருபதின்மர். அவர்களுள் ஒருவர் "இதை நீக்கிவிடு, இது அவளை வருத்தும்" என்று எழுதியிருந்தால் அச்சிரிப்பு அங்கேயே நின்றிருக்கும். அதற்குத் துணிவு இல்லாதவரும் மறுநாள் அவளருகில் அமர்ந்து, "நீ இல்லாமல் நம் அணி தோற்றுவிடும், ஆட வா" என்று அழைத்திருக்கலாம். அந்த அழைப்பு எந்த அறிவுரையினும் பெரிது.

உருவத்தைக் கொண்டு ஒருவரை இகழலாகாது என்பதைத் திருவள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் உணர்த்துகிறார். பெரிய தேர் ஓடுவதற்குச் சிறிய அச்சாணியே காரணமாவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். தேரின் அழகைக் கண் காண்கிறது. அதனைத் தாங்கும் ஆணியை அறிவே காண்கிறது. திரை காட்டும் உருவத்தைத் தாண்டி மனிதரைக் காணப் பழகுதலே இளையோர் தமக்கும் பிறர்க்கும் செய்துகொள்ளும் நன்மையாகும்.

அருஞ்சொற்பொருள்

இகழ்ச்சி – தாழ்வாகக் கருதுதல்
தன்னிகழ்ச்சி – தன்னைத் தானே தாழ்வாகக் கருதுதல்
கவலை – மாடுகளைக் கொண்டு நீர் இறைக்கும் கருவி
அச்சாணி – சக்கரம் கழலாமல் காக்கும் ஆணி
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. திருப்பதி மாவட்டம் உருவான ஆண்டு ________.
2. உறக்கத்தைத் தூண்டும் சுரப்பு ________.
3. டெலி மானஸ் சேவையின் எண் ________.

ஆ. பிரித்து எழுதுக.
தன்னிகழ்ச்சி, நிழற்படம், நள்ளிரவு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எடை இகழ்ச்சி என்பது யாது?
2. ஃபிஜித் தீவில் 1995க்கும் 1998க்கும் இடையே நேர்ந்த மாற்றம் யாது?
3. உடல்நிறைக் குறியெண் எந்நோக்கத்திற்காக வகுக்கப்பட்டது?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. திறன்பேசிப் பயன்பாடும் தன்னிகழ்ச்சியும் எவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கின்றன?
2. 'கேலி செய்தால்தான் திருந்துவர்' என்னும் கருத்து ஏன் ஏற்கத்தக்கதன்று?

உ. செயல்பாடு
உம் வகுப்புக் குழுவில் பகிரத்தக்கவை, பகிரத்தகாதவை எவை என நண்பர்களுடன் கலந்துபேசி, ஐந்து விதிகளை எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.